ஏரித்தரை ஏன் புல்வெளியாகிறது? அணைக்குக் கீழே இருக்கும் ஈரநிலச் செடிகளின் கணக்கு

சீனாவின் மிகப்பெரிய நன்னீர் ஏரியான போயாங், 2022-இல் ஆகஸ்ட் 6 அன்றே வறட்சிக்கால நீர்மட்டத்துக்கு இறங்கிவிட்டது. 1951-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அவ்வளவு சீக்கிரம் இறங்கியதில்லை. அடுத்த ஆண்டு அதையும் முந்திக்கொண்டு ஜூலை 20-லேயே இறங்கியது. அப்போது வெளியான படங்கள் பலரையும் குழப்பின. தண்ணீர் வற்றிய ஏரி என்றால் வெடித்த சேறு தெரிய வேண்டும். தெரிந்ததோ கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி. அப்படியானால் ஏரி அழிகிறதா, செழிக்கிறதா? ஏரியோடு இணைந்த யாங்சி ஆற்றின் மேற்பகுதியில் நிற்கும் த்ரீ கார்ஜஸ் அணைக்கு இதில் பங்கு உண்டா, அல்லது மழை பொய்த்ததுதான் காரணமா?

அந்தப் பச்சை நல்ல செய்தி அல்ல. கரையோரத்தில் இருக்க வேண்டிய புல், நீருக்குள் வளரும் செடிகளின் இடத்துக்கு இறங்கி வந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அணைக்கும் அதில் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு, எந்த மாதத்தில் என்பதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. ஏரி ஈரநிலம்: ஆண்டின் ஒரு பகுதியில் நீருக்கடியிலும் மறுபகுதியில் வெளியிலும் இருக்கும் ஏரிப்படுகை. எப்போதும் நீர் நிற்கும் நடு ஏரி வேறு, இது வேறு.
2. மூழ்கு காலம்: ஓர் இடம் ஆண்டில் எத்தனை நாள் நீருக்கடியில் இருக்கிறது என்ற கணக்கு. மொத்த நாள்கள் மட்டும் போதாது. எந்த மாதத்தில் மூழ்கியது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.
3. கிடைத்தண்டு, கிழங்கு: மண்ணுக்குள் படுத்தபடி வளரும் தண்டும், அதன் நுனியில் உணவைச் சேமித்து வைக்கும் பருத்த பகுதியும். ஈரநிலச் செடிகள் பல கெட்ட காலத்தைக் கடப்பது இவற்றால்தான்.
4. விதைச் சேமிப்பு: சேற்றுக்குள் முளைக்காமல் காத்திருக்கும் விதைகள். மேலே உள்ள செடிகள் அழிந்தாலும் ஏரி மீளுமா என்பதை இது பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது.

## ஏரியின் கதவு ஆற்றின் கையில்

கான், ஃபு, ஷின், ராவ், ஷியூ என்ற ஐந்து ஆறுகள் போயாங்கில் கலக்கின்றன. ஏரியின் நீர் வடக்கே ஹூகோ என்ற இடத்தில், குறுகிய வாய் வழியாக யாங்சி ஆற்றில் சேர்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை யாங்சி உயர்ந்து ஓடும்போது ஏரிநீர் வெளியேற முடியாமல் தேங்குகிறது. சில நாள்களில் ஆற்றுநீரே ஏரிக்குள் திரும்பிப் பாய்கிறது. இலையுதிர் காலத்தில் ஆறு தாழ்ந்ததும் ஏரி மளமளவென்று வடிகிறது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டருக்கு மேல் மாறும். 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் ஏரி 1,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கும்.

ஆக, இந்த ஏரி ஆண்டுதோறும் வடிந்தே தீரும். அது நோயல்ல, இயல்பு. செடிகள் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. எப்போது வடிகிறது என்பதில்தான் சிக்கல்.

அணை ஏரியைத் தொடுவதில்லை. பல நூறு கிலோமீட்டர் மேலே இருந்தபடி ஹூகோவில் ஆற்றின் உயரத்தை மாற்றுகிறது. கதவைத் திறக்கும் நாள் அதனால் மாறிவிடுகிறது.

## செடிகளின் படிக்கட்டு

போயாங்கின் கரையிலிருந்து நடு ஏரி நோக்கி இறங்கினால், செடிகள் கிட்டத்தட்டக் கோடு போட்டதுபோல் அடுக்கடுக்காக நிற்கும்:

1. மேல்படி: நாணலும் அதன் உறவான உயரமான புற்களும். வெள்ளத்தில் குறைந்த காலமே மூழ்கும். இன்னும் மேட்டுப்பாங்கான இடத்தில் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியும் கலந்து வளரும்.
2. நடுப்படி: கேரெக்ஸ் எனப்படும் கோரைப்புல். கோடை முழுக்க நீருக்கடியில் கிடக்கும். வசந்தத்தில் ஒருமுறையும், நீர் வடிந்த பின் இன்னொருமுறையும் துளிர்க்கும். இரண்டு வளர்ச்சிப் பருவங்கள் உள்ள புல் இது.
3. கீழ்ப்படி: சேற்றுத்திட்டு. கடைசியாக வெளிப்படும் இந்தப் பகுதியில் குளிர் வருவதற்குள் புல் மூடுவதற்கு நேரம் இருக்காது.
4. நீர்ப்படி: வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற நீரில் மூழ்கிய செடிகள்.

ஒவ்வொரு படியின் எல்லையையும் மூழ்கு காலமே வரைகிறது. இந்தப் படுகை மிகத் தட்டையானது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1,000 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் இறங்கும் சரிவை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் வெறும் அரை மீட்டர் குறைந்தால் 500 மீட்டர் அகலமுள்ள நிலம் வெளியே வந்துவிடும். செங்குத்தாக முழங்கால் உயரம். கிடையாக அரை கிலோமீட்டர். அணையைப் பற்றிய விவாதங்களில் “ஒரு மீட்டர்தானே” என்று ஒதுக்கப்படும் எண் இதனால்தான் எளிதானது அல்ல.

## அணை மாற்றுவது என்ன

த்ரீ கார்ஜஸ் அணையில் 2003 ஜூனில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 2010 அக்டோபரில் முதன்முறையாக முழு மட்டமான 175 மீட்டரை எட்டியது. வெள்ளக் காலத்துக்கு முன் மட்டத்தை 145 மீட்டருக்கு இறக்கி இடம் ஒதுக்குவார்கள். வெள்ளம் முடிந்ததும் 175-க்கு ஏற்றுவார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட கொள்ளளவு 2,215 கோடி கன மீட்டர்.

அதை 50 நாளில் நிரப்புவதாக வைத்துக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 5,100 கன மீட்டர் நீரை ஆற்றிலிருந்து பிடித்து வைக்க வேண்டும். அணைக்குச் சற்றுக் கீழே யிச்சாங்கில் அக்டோபர் மாதத்தின் பழைய சராசரி ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 18,000 கன மீட்டர். கால் பங்குக்கும் மேல் போய்விடுகிறது. நடைமுறையில் நிரப்புதல் தொடங்கும்போதே மட்டம் 145-க்கு மேல் இருப்பதுண்டு. ஹூகோவுக்கு வருவதற்குள் டோங்டிங் ஏரி நீரும் ஹான் ஆற்று நீரும் கலந்து இழப்பின் விகிதம் குறையும். இருந்தும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஹூகோவின் நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்கும், சில ஆண்டுகளில் அதற்கு மேலும் தாழ்கிறது.

குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். மின்னுற்பத்திக்காகவும் கப்பல் போக்குவரத்துக்காகவும் தேக்கிய நீரை விடுவதால் ஆறு முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. ஆனால் செடிகளுக்கு அது ஈடாகாது. அக்டோபரில் பறித்ததைப் பிப்ரவரியில் திருப்பிக் கொடுத்தால் ஆண்டுக் கணக்கு சரியாகலாம். கிழங்கு முற்றும் பருவம் திரும்பாது.

இரண்டாவது மாற்றம் மெதுவானது, அதிகம் பேசப்படாதது. அணைக்குள் வண்டல் படிந்துவிடுகிறது. தெளிந்து வெளியேறும் நீர் தன் படுகையையே அரித்து மண்ணை எடுத்துக்கொள்கிறது. யாங்சியின் கீழ்ப்பகுதியில் உள்ள தாதோங் நிலையத்தில், முந்தைய அரை நூற்றாண்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 43 கோடி டன்னாக இருந்த வண்டல், 2003-க்குப் பின் சராசரியாக 15 கோடி டன்னுக்கும் கீழே போய்விட்டது. (இந்தக் குறைவு முழுவதும் ஒரே அணையால் வந்ததல்ல; மேலுள்ள மற்ற அணைகளும் மண்காப்புப் பணிகளும் முன்பே குறைக்கத் தொடங்கியிருந்தன.) படுகை ஆழமானால் அதே அளவு நீர் முன்பைவிடத் தாழ்வாக ஓடும். நீர் தேக்கும் மாதங்களோடு நிற்காமல் ஆண்டு முழுதும் தொடரும் விளைவு இது. அணையின் மதகுகளை எப்படி இயக்கினாலும் அரிக்கப்பட்ட படுகை திரும்பி வராது.

## செடிகள் என்ன செய்கின்றன

### கோரை இறங்கி வருகிறது

சேற்றுத்திட்டு முன்பு அக்டோபர் கடைசியில் வெளிப்பட்டது என்றால் இப்போது செப்டம்பரிலேயே வெளிப்படுகிறது. மண்ணில் இன்னும் சூடு இருக்கிறது. கிடைத்தண்டு மொட்டுகள் சில நாள்களில் துளிர்விடுகின்றன. குளிர் வருவதற்குள் பல வாரம் வளர நேரம் கிடைத்துவிட்டதால் கோரை ஆண்டுக்கு ஆண்டு கீழ்நோக்கிப் படர்கிறது. மேலே நாணலும் அதே வழியில் கோரையின் இடத்துக்குள் இறங்குகிறது. மேல்படி காய்ந்து, தரைச்செடிகளுக்குப் போகிறது. மொத்தப் படிக்கட்டும் ஒரு படி கீழே சரிகிறது. ஆனால் கடைசிப் படிக்குச் சரிய இடமில்லை. நடு ஏரியின் ஆழ்கால்வாயில் ஒளி போதாது, நீரோட்டமும் கடுமை. இழப்பு முழுவதும் சேற்றுத்திட்டின் மேலும் நீர்ச்செடிகளின் மேலும் விழுகிறது.

மேலே ஹூனான் மாநிலத்தில் உள்ள டோங்டிங் ஏரியில் இதே சரிவு இன்னொரு விதமாகத் தெரிகிறது. யாங்சியின் நீர் மூன்று வாய்க்கால்கள் வழியாக அந்த ஏரிக்குள் வருகிறது. ஆறு தாழ்ந்ததும் அந்த வாய்கள் உயரத்தில் தொங்கிவிட, வரத்தும் குறைகிறது, வண்டலும் குறைகிறது. காய்ந்த மேட்டில் பாப்லர் மரம் நட்டது நிலத்தை இன்னும் உலர்த்தியது. 2017 வாக்கில் அந்த மரங்களை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று.

### புல் இருந்தும் பட்டினி

கிழக்கு டோங்டிங்கில் குளிர்காலம் கழிக்கும் சிறிய வெண்நெற்றி வாத்துக்குக் கோரைதான் முதன்மை உணவு. கோரை பெருகினால் வாத்துக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். வாத்தின் அலகு சிறியது. அதற்குக் குட்டையான இளந்தளிர் வேண்டும். இளந்தளிரில் புரதம் அதிகம், நார் குறைவு. நீர் முன்னதாக வடிந்தால், வாத்துகள் வந்திறங்கும் நேரத்தில் கோரை இரண்டு மாத வளர்ச்சி பெற்று, முற்றி, உயர்ந்து நிற்கும். நார் மிகுந்து, செரிக்காத தீவனமாகிவிடும். மேலிருந்து எடுத்த படத்தில் பச்சை. வாத்தின் வாய்க்கு வைக்கோல். இந்தத் துறையில் எனக்கு மிகவும் வேதனை தரும் முரண் இதுதான், ஏனென்றால் பரப்பளவை மட்டும் அளக்கும் எந்த அறிக்கையும் இதைப் பிடிக்காது.

### வாலிஸ்னேரியாவின் ஓராண்டு

போயாங்கின் மையச்செடி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது வாலிஸ்னேரியா. நாடாபோன்ற நீண்ட இலை. ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்பூக்கள் அடியிலேயே கழன்று மேலே மிதந்துவரும். பெண்பூ நீண்ட காம்பில் நீர்ப்பரப்பை எட்டிக் காத்திருக்கும். மகரந்தம் சேர்ந்ததும் காம்பு சுருள்வில்லாகச் சுருண்டு பூவை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் கிடைத்தண்டு நுனிகளில் சிறிய வெளிர்நிறக் கிழங்குகள் உருவாகும். உலகில் எஞ்சியிருக்கும் சைபீரியப் பெருங்கொக்குகளில் ஏறத்தாழ அனைத்தும் குளிர்காலத்தில் போயாங்குக்கு வருகின்றன. ஆழமற்ற நீரிலும் இளகிய சேற்றிலும் அலகை விட்டுத் தோண்டி இந்தக் கிழங்கைத்தான் தின்றுவந்தன.

இந்தச் செடி எங்கெங்கே தவறக்கூடும் என்று மாதவாரியாகப் பார்க்கலாம்:

1. மார்ச்–ஏப்ரல்: கிழங்கு முளைக்க ஆழமற்ற தெளிந்த நீர் வேண்டும். படுகை காய்ந்தே கிடந்தால் முளை கருகும்.
2. மே–ஜூன்: நீர் உயரும் வேகத்துக்கு இலையும் நீள வேண்டும். வெள்ளம் திடீரென ஏறினால் செடி இருளில் சிக்கும்.
3. ஜூலை–ஆகஸ்ட்: ஒளிதான் பிரச்சினை. நீரின் தெளிவை அளக்க, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கறுப்பு–வெள்ளை வட்டத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது மறையும் ஆழத்தைக் குறிப்பார்கள். மூழ்கிய செடி வளர ஒளி போதுமான ஆழம், தோராயமாக அதன் இரண்டு முதல் மூன்று மடங்கு. தட்டு 40 சென்டிமீட்டரில் மறைந்தால், ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் கீழே இலைகளால் உணவு ஆக்க முடியாது.
4. செப்டம்பர்–அக்டோபர்: கிழங்கு பருக்கும் காலம். இலை நீருக்குள் பச்சையாக இருக்க வேண்டும். அப்போது நீர் வடிந்தால் இலை சாய்ந்து காயும்; கிழங்கு பிஞ்சிலேயே நின்றுவிடும்.
5. நவம்பர் முதல்: கிழங்கு இருந்தும், மேலே சேறு இறுகிவிட்டால் கொக்கின் அலகு இறங்காது.

நான்காவது கட்டமும் அணை நிரம்பும் காலமும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

எல்லாக் கேடும் வறட்சியால் வருவதல்ல. 2010 கோடையில் வந்த பெருவெள்ளம் வாலிஸ்னேரியாவை மூழ்கடித்தது. அந்தக் குளிர்காலத்தில் கிழங்கு கிடைக்காமல், கொக்குகள் ஈரப் புல்வெளிகளுக்குப் போய் ஒரு காட்டு டியூலிப்பின் கிழங்கையும் பொட்டென்டில்லா என்ற செடியின் வேரையும் தோண்டித் தின்றன. பின்னர் நெல்வயல்களிலும் தாமரைக் குளங்களிலும் மேயத் தொடங்கின. உயிர் பிழைத்திருக்கின்றன, ஆனால் விவசாயி பயிர் மாற்றினால் பறிபோகும் உணவின் மேல் ஓர் இனமே நிற்கிறது.

## எல்லாம் அணையின் வேலையா?

இல்லை. நேர்மையாகப் பிரித்துச் சொல்ல வேண்டிய காரணங்கள் இவை:

1. மழை: 2022-இல் யாங்சிப் படுகை முழுவதும் கடும் வெப்பமும் வறட்சியும். அணை இல்லாவிட்டாலும் ஏரி அந்த ஆண்டு வற்றியிருக்கும்.
2. மணல் அள்ளுதல்: 2000-ஐ ஒட்டி யாங்சியில் மணல் எடுக்கத் தடை வந்ததும் தூர்வாரும் கப்பல்கள் போயாங்குக்கு இடம்மாறின. ஏரியின் வாய் அகன்று ஆழமானதால் குளிர்காலத்தில் நீர் இன்னும் விரைந்து வெளியேறுகிறது. கலங்கிய நீர் வாலிஸ்னேரியாவின் ஒளியையும் பறித்தது. அணைக்கு நிகரான காரணம் இது என்பது என் கணிப்பு. செய்திகளில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.
3. ஐந்து ஆறுகளின் சொந்த அணைகளும் பாசனமும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஆற்றில் ஓடும் நீரின் அளவு குறைந்து, மட்டமும் குறைந்திருந்தால் காரணம் மழை அல்லது தேக்கம். ஓட்டம் முன்போலவே இருந்து மட்டம் மட்டும் குறைந்திருந்தால், படுகை ஆழமாகியிருக்கிறது என்று பொருள். தேக்கத்தையும் மழையையும் பிரிக்க, அணைக்குள் வந்த நீரையும் வெளியே விட்ட நீரையும் நாள்வாரியாக ஒப்பிட வேண்டும். செப்டம்பர்–அக்டோபர் தாழ்வில் அணையின் பங்கு தெளிவாகத் தெரியும். கோடையில் அது சிறியது.

## வேறு இடங்களில் வேறு முகம்

அணை என்றாலே கீழே நிலம் காயும் என்று நினைக்க வேண்டாம். நைஜீரியாவின் ஹடேஜியா–நுகுரு ஈரநிலத்துக்கு மேலே திகா அணை 1974-இலும் சல்லாவா அணை 1992-இலும் வந்தன. வெள்ளம் சுருங்கியது, அதேநேரம் பாசனத்துக்காக வறண்ட மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் வந்தது. ஒருபோதும் முழுதாகக் காயாத தரையில் சம்பு காடாக மண்டி, கால்வாயையும் மீன்பிடி நீரையும் அடைத்தது. செனகல் ஆற்றின் வாயில் 1986-இல் முடிந்த தியாமா அணை கடல்நீரைத் தடுத்தது. உப்பு போனது, மட்டம் நிலையானது. அங்கும் சம்புதான் பெருகியது. போயாங்கில் நீர் முந்திப் போனது, இங்கே போகாமல் நின்றது. ஏற்ற இறக்கம் கெட்டபோது இரு இடங்களிலும் ஏதோ ஒரே செடி மற்றவற்றைத் தள்ளி இடம்பிடித்தது.

## என்ன செய்ய முடியும்

தேக்கத்தைப் பரப்புவது. முன்கூட்டியே தொடங்கி, மெதுவாக நிரப்பினால் அக்டோபரின் வீழ்ச்சி மட்டுப்படும். செப்டம்பர் 10 வாக்கில் தொடங்கும் வழக்கம் இந்த நோக்கில் வந்ததே. வெள்ள அபாயத்தோடு இதைத் தராசில் வைக்க வேண்டியிருப்பதால் எல்லை உண்டு.

தட்டு ஏரிகள். போயாங்குக்குள் தட்டுபோல் குழிந்த சிற்றேரிகள் பல உண்டு. கோடையில் பேரேரியோடு ஒன்றாகிவிடும். நீர் வடிந்ததும் தனித்து நிற்கும். வூசெங் அருகே காப்பகத்தில் உள்ள தாஹூச்சி, ஷாஹூ இவ்வகை. விளிம்பில் சிறு மதகு இருப்பதால், பேரேரி வற்றிய பின்னும் இங்கே நீரைப் பிடித்துவைத்து, குளிர்காலம் முழுக்கச் சிறிது சிறிதாக விடலாம். வடியும் நீரின் விளிம்பில் நாளும் ஒரு பட்டை புதுச்சேறு வெளிப்படும். கொக்கு அந்த விளிம்போடு நகரும். மீன் பிடிக்க ஒரே வாரத்தில் மதகைத் திறந்துவிட்டால் எல்லாம் ஒருசேரக் காய்ந்து இறுகும். இருக்கும் வழிகளில் செலவு குறைந்ததும் பயன் உறுதியானதும் இதுவே என்று நினைக்கிறேன்.

ஏரி வாயில் பெரிய மதகு. ஏரியின் வாயையே மதகு கட்டி மறித்து, குளிர்காலத்தில் நீரைப் பிடிக்கும் திட்டம் நெடுநாள் விவாதத்தில் உள்ளது. அதன் சுற்றுச்சூழல் மதிப்பீடு 2022-இல் பொதுப்பார்வைக்கு வந்தது. மட்டத்தை உயரத்தில் நிறுத்தினால் கோரையும் சேறும் நீருக்கடியில் போகும். கொக்குக்கு ஆழம் மிகுந்துவிடும். யாங்சியிலும் ஏரியிலும் வாழும் பாலூட்டியான துடுப்பற்ற கடல்பன்றியின் வழியும் குறுகும். கனடாவின் பீஸ்–அதபாஸ்கா கழிமுகம் இதற்கு முன்பே பட்ட பாடம். அங்கே 1968-இல் பென்னட் அணை நீர் தேக்கத் தொடங்கியதும் ஏரிகள் தாழ்ந்தன. 1970-களின் நடுவில் ஏரி வெளியேறும் கால்வாய்களில் தடுப்பணைகள் கட்டினார்கள். ஏரிகளின் சராசரி மட்டம் ஏறியது. மேட்டில் தனித்துக் கிடக்கும் குளங்களுக்கோ பனிக்கட்டி அடைத்து எழும் பெருவெள்ளம்தான் நீர் கொடுக்கும். தடுப்பணையால் அதைத் தர முடியவில்லை. அந்தக் குளங்கள் காய்ந்து, கோரை நின்ற இடங்களில் வில்லோ புதர் ஏறியது. அவை காய்ந்ததில் அணைக்கும் பருவநிலைக்கும் எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்றும் தொடர்கிறது.

செயற்கை வெள்ளம். கேமரூனின் வாசா–லோகோன் சமவெளியில், 1979-இல் வந்த மாகா அணையால் பல்லாண்டுப் புற்கள் அழிந்தன. 1994-இல் அடைபட்ட ஓர் ஓடையைத் திறந்துவிட்டதும் அவை திரும்பத் தொடங்கின. வேரும் விதையும் மண்ணில் எஞ்சியிருந்த இடங்களில் மீட்சி விரைவாக வந்தது.

## அடுத்த செய்தி வரும்போது பார்க்க வேண்டியவை

1. போயாங் ஏரியின் ஷிங்ஸி நிலையத்து அளவுகோலில் மட்டம் 12 மீட்டருக்குக் கீழே இறங்கிய தேதி. வறட்சிக்காலத்தின் தொடக்கம் அதுதான். ஆகஸ்ட் என்றால் கிழங்கு பருக்கவே இல்லை; அக்டோபர் கடைசி என்றால் பழைய ஒழுங்கு.
2. அதே நாள்களில் அணைக்குள் வந்த நீருக்கும் வெளியே விட்ட நீருக்கும் உள்ள வேறுபாடு.
3. வாத்து வந்திறங்கும் வாரத்தில் கோரையின் உயரம். பரப்பளவு இரண்டாம்பட்சம்.
4. தட்டு ஏரிகளில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாலிஸ்னேரியாக் கிழங்கு. சேற்றை வெட்டியெடுத்து, சல்லடையில் அலசி, கையால் எண்ணுகிறார்கள். 1990-களின் இறுதியிலிருந்து தொடரும் இந்த எண்ணிக்கையைச் செயற்கைக்கோள் படம் தராது.